டிரைவை மாற்றியும் அதே டிரிப் வருகிறது என்றால் கோளாறு எங்கே?

திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கும் நண்பர் கேட்டிருக்கிறார். ஆலைக் காற்றில் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட்டின் சப்ளை ஃபேனுக்கு 30 கிலோவாட், 415 வோல்ட் மோட்டார். அதை ஒரு டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி, ஓட்டுகிறது. அந்த டிரைவ் அடிக்கடி ‘ஓவர் வோல்டேஜ்’ காட்டித் தானாக நிற்கிறது, அதாவது டிரிப் ஆகிறது. பெரும்பாலும் ஃபேனை நிறுத்தும்போது, சில நாள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஸ்டோர்ஸில் இருந்த ஸ்பேர் டிரைவில் பழைய டிரைவின் செட்டிங்கை அப்படியே ஏற்றி மாட்டிப் பார்த்தும் அதே டிரிப். நடுவில் ஒரு ஷட்டவுன் முடிந்து காலையில் ஆன் செய்தபோது ‘எர்த் ஃபால்ட்’ (மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது என்ற டிரிப்) வந்து, மத்தியானம் தானாகச் சரியாகிவிட்டது. சப்ளையர் வந்து மோட்டாரைக் கழற்றிவிட்டு டிரைவை மட்டும் ஓட்டினார், டிரிப் வரவில்லை, ஆகவே மோட்டார்தான் கோளாறு என்று சொல்லிப் போய்விட்டார். மேனேஜரோ வேறு கம்பெனி டிரைவ் வாங்கலாம் என்கிறார். எந்தக் கம்பெனி நல்லது என்பது நண்பரின் கேள்வி.

கேள்வி கம்பெனியைப் பற்றி எழுதப்பட்டிருந்தாலும், அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு. கோளாறு டிரைவுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன் அதை மேனேஜரிடம் எப்படி நிரூபிப்பது? நான் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து மில்களில் பேனலும் டிரைவும் மாட்டி முதன்முதலாக ஓட்டிக் கொடுப்பதும் சர்வீஸ் பார்ப்பதுமாகப் பல வருடம் கழித்தவன். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்கிறேன்: உங்கள் விவரங்களில் டிரைவையோ மோட்டாரையோ மாற்றச் சொல்லும் ஆதாரம் இதுவரை ஒன்றுகூட இல்லை. கம்பெனி கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

டிரைவ் திரையில் வரும் டிரிப்பின் பெயர், டிரைவ் எதைப் பார்த்து நின்றது என்பதை மட்டும் சொல்கிறது. அதை உண்டாக்கியது யார் என்று சொல்வதில்லை. ‘ஓவர் வோல்டேஜ்’ என்றால் உள்ளே இருக்கும் டிசி பஸ் வோல்டேஜ் எல்லை தாண்டியது என்று அர்த்தம், அவ்வளவுதான். மூன்று ஃபேஸ் சப்ளை, ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜ் வழியாகப் போய் கேபாசிட்டரில் டிசியாக நிற்கிறது. அங்கிருந்து ஐஜிபிடிகள் என்ற மின்னணு சுவிட்சுகள் அதை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன. 415 வோல்ட் சப்ளைக்கு டிசி பஸ் லோடில் 560 வோல்ட் சுமாராகவும், லோடு இல்லாதபோது உச்சமாக 587 வரையும் இருக்கும். 400 வோல்ட் வகை டிரைவ்களில் பெரும்பாலானவை 800 வோல்ட்டை ஒட்டி டிரிப் ஆகும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் மேனுவலில் இருக்கும். ஆக, 560-ல் நிற்க வேண்டிய பஸ் 800-க்கு ஏறியிருக்கிறது. ஏற வழி இரண்டுதான். ஒன்று மோட்டார் பக்கத்திலிருந்து சக்தி திரும்பி வர வேண்டும், அல்லது லைன் பக்கத்திலிருந்து வோல்டேஜ் உயர்ந்து வர வேண்டும். நிறுத்தும்போது வரும் டிரிப்பும் ஓடும்போது வரும் டிரிப்பும் ஒரே பெயரில் வருவதாலேயே இரண்டையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நிறுத்தும்போது வருவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபேன் என்பது கனமான சுழலும் சுமை. அது எடுக்கும் டார்க் வேகத்தின் வர்க்கப்படி மாறும், பவர் கனப்படி மாறும். 80 சதவீத வேகத்தில் பாதி பவர்தான் தேவைப்படும். வேகம் இறங்க இறங்கக் காற்றின் தடை மிக வேகமாகக் குறைந்துவிடும், ஆனால் இம்பெல்லரில் தேங்கிய சுழற்சி சக்தி அப்படிச் சட்டென்று போகாது. மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிக்கும் ஹெர்ட்ஸை டிரைவ் இறக்கும் வேகத்துக்கு ஃபேன் இறங்க மறுத்தால், மோட்டார் ஜெனரேட்டராக மாறி அந்தச் சக்தியைப் பஸ்ஸுக்குத் திருப்பி அனுப்பும். டயோடு பிரிட்ஜ் அதை லைனுக்குத் திரும்ப விடாது. கேபாசிட்டரில் ஏறும், 800-ஐத் தொடும், டிரிப் ஆகும். பழைய டிரைவின் டிசெலரேஷன் டைம் (வேகத்தை இறக்க எடுத்துக்கொள்ளும் நேரம்) ஸ்பேர் டிரைவுக்கும் அப்படியே காப்பி ஆகியிருக்கிறது. அதனால்தான் இரண்டிலும் ஒரே டிரிப். ஃபேக்டரி செட்டிங்கில் 10 அல்லது 20 செகண்டாக அப்படியே விட்ட பேனல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த அளவு ஃபேனுக்கு நான் 60 செகண்டில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் 120 வரை கொண்டுபோவேன். சப்ளை ஃபேன் உடனே நின்றாக வேண்டிய கட்டாயம் உங்கள் பிராசஸில் இல்லை என்றால், ஸ்டாப் மோடையே கோஸ்ட் என்று மாற்றிவிடலாம். டிரைவ் கையை எடுத்துக்கொள்ளும், ஃபேன் தானாகச் சுற்றி நிற்கும். திரும்பி வரும் சக்தியைச் சூடாக்கிக் கழிக்கும் பிரேக் ரெசிஸ்டர் இதற்குத் தேவையில்லாத செலவு. கோஸ்ட் வைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஃபேன் முழுதாக நிற்பதற்குள் திரும்ப ஸ்டார்ட் கொடுத்தால் வேறு டிரிப் வரும். சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேனின் வேகத்தைக் கண்டு அங்கிருந்தே ஓட்டும் ஃப்ளையிங் ஸ்டார்ட் என்ற வசதியை ஆன் செய்து வையுங்கள். பக்கத்து ஃபேனின் காற்று இழுப்பில், நிற்கும் ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பிளாண்ட்களில் இது இன்னும் அவசியம்.

சப்ளையர் செய்த சோதனைக்கு வருகிறேன், ஏனென்றால் தப்பு முடிவு அங்கேதான் எடுக்கப்பட்டிருக்கிறது. மோட்டாரைக் கழற்றிவிட்டு டிரைவை ஓட்டுவது நல்ல சோதனை, நானும் செய்வேன். ஓவர் கரன்ட், எர்த் ஃபால்ட் டிரிப்களுக்கு அது நேரடியான பதில் கொடுக்கும்: கேபிளே இல்லாமலும் அதே டிரிப் வந்தால் கோளாறு டிரைவுக்குள், வராமல் போனால் கேபிளிலோ மோட்டாரிலோ. ஆனால் நிறுத்தும்போது வரும் ஓவர் வோல்டேஜுக்கு அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. மோட்டாரோடு ஃபேனும் கழன்றுபோய்விட்டது. திரும்பி வரச் சக்தியே இல்லை, டிரிப் எப்படி வரும்? மோட்டார் முற்றிலும் நல்ல நிலையில் இருந்தாலும் இதே முடிவுதான் கிடைத்திருக்கும். வைண்டிங் கோளாறால் டிசி பஸ் 800 வோல்ட்டுக்கு ஏறுவதை நான் கண்டதில்லை, அதற்கு வழியும் தெரியவில்லை. ஓவர் வோல்டேஜைக் காரணம் காட்டி மோட்டாரை மாற்றினால் பணம் போகும், டிரிப் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வருவதுதான் சிக்கலானது. இங்கே மூன்று பேர் மேல் எனக்குச் சந்தேகம். இங்கிருந்தபடி இவர்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் யார் என்று நீங்களே பிடிக்க வழி சொல்ல முடியும்.

முதல் சந்தேகம், ‘ஓடிக்கொண்டிருக்கும்போது’ என்று நீங்கள் நினைப்பது உண்மையில் வேகம் இறங்கிக்கொண்டிருக்கும் நேரமாக இருக்கலாம் என்பது. உங்கள் ஃபேனின் வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? ஹியூமிடிட்டி கன்ட்ரோலர் என்றால், டிபார்ட்மென்ட்டில் இருக்கும் சென்சாரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போய், அங்கிருந்து 4–20 மில்லி ஆம்பியர் சிக்னலாக டிரைவுக்கு வருகிறது. அந்த ஒயர் டெர்மினலில் லூசாக இருந்து ஒரு கணம் விட்டுப் பிடித்தால், டிரைவுக்கு மினிமம் ஸ்பீடுக்குப் போ என்று உத்தரவு வந்ததாக அர்த்தம். அது அவசரமாக இறங்க ஆரம்பிக்கும். டிசெலரேஷன் டைம் குறைவாக இருப்பதால் ஒரு சில செகண்டில் பஸ் ஏறி டிரிப் ஆகும். பார்ப்பவருக்கு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றது என்றுதான் தெரியும். கன்ட்ரோலரின் செட்டிங் சரியில்லாமல் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாலும் இதே கதைதான். சிக்னல் கேபிளும் மோட்டார் கேபிளும் ஒரே டிரேயில் ஒட்டிப் போனாலும், ஷீல்டு எர்த் ஆகாமல் தொங்கினாலும் சிக்னல் துடிக்கும்.

இதைப் பிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இந்த அளவு டிரைவ்கள் பெரும்பாலானவற்றில் ஃபால்ட் ஹிஸ்டரி இருக்கிறது. டிரிப் ஆன நொடியில் டிசி பஸ் வோல்டேஜ், ஹெர்ட்ஸ், கரன்ட் எவ்வளவு என்று பல மாடல்கள் பதிந்து வைக்கும். ரீசெட் பட்டனை அழுத்துவதற்கு முன் அதைப் பார்த்து எழுதுங்கள். மில்லில் நடப்பது என்னவென்றால், ஷிஃப்ட் ஆள் டிரிப்பைப் பார்த்ததும் ரீசெட் செய்து ஓட்டிவிடுகிறார், காலையில் நமக்கு ‘ராத்திரி ரெண்டு தடவை நின்னுச்சு’ என்ற செய்தி மட்டும் வருகிறது. டிரிப்பில் ஹெர்ட்ஸ் 38 என்று பதிந்திருக்கிறது, நீங்கள் வழக்கமாக ஓட்டுவது 45 என்றால், டிரைவ் இறங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்துவிடும். இன்னொரு வழி, இரண்டு மூன்று நாளைக்கு ஸ்பீடு கமாண்டைக் கீபேடுக்கு மாற்றி ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். ஹியூமிடிட்டி சற்று முன்பின் போகும், டிபார்ட்மென்ட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நாட்களில் டிரிப் வராமல், சிக்னலுக்குத் திருப்பியதும் திரும்ப வந்தால் கன்ட்ரோல் ஒயரைத்தான் தேட வேண்டும். அப்போது ஃபெரூல், டெர்மினல், ஷீல்டு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிக்னல் போனால் கடைசி வேகத்திலேயே ஓடு என்ற செட்டிங்கும் பல டிரைவ்களில் உண்டு, அதையும் வையுங்கள்.

இரண்டாவது சந்தேகம் உங்கள் கேபாசிட்டர் பேனல். மின்வாரியத்தில் சராசரி பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் அபராதம் என்பதால் ஹெச்.டி. (உயர் அழுத்த) கனெக்‌ஷன் உள்ள மில்களில் ஏ.பி.எஃப்.சி. பேனல், அதாவது கேபாசிட்டர்களைத் தானாகச் சேர்த்து எடுத்துப் பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் பேனல், இல்லாமல் இருக்காது. அதில் ஒவ்வொரு கேபாசிட்டர் ஸ்டெப்பும் உள்ளே வரும் கணத்தில், லைன் வோல்டேஜ் சில மில்லி செகண்டுக்கு ஒரு துள்ளு துள்ளும். கணக்குப்படி அதிகபட்சம் இரண்டு மடங்கு உச்சம் வரை போக முடியும், நடைமுறையில் அதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் 587-ஐ 800 ஆக்க 1.4 மடங்கு போதும். இரவில் லோடு குறைந்து லைன் 440 வோல்ட்டில் நிற்கிறது என்றால் சாதாரண உச்சமே 622, அப்போது 1.3 மடங்குக்குக் குறைவான துள்ளலே டிரிப் எல்லையைத் தொட்டுவிடும். 440 வோல்ட் தனியாக ஒரு டிரைவை டிரிப் செய்யாது, ஆனால் தாங்குவதற்கான இடைவெளியைச் சாப்பிட்டுவிடும். டிரிப் நேரங்கள் இரவிலும் விடியற்காலையிலும், அல்லது பல மெஷின்கள் ஒன்றாக நின்று ஓடும் ஷிஃப்ட் மாறும் நேரத்திலும் கூடுகின்றனவா என்று பாருங்கள்.

ஏ.பி.எஃப்.சி. பேனலைத் திறந்தால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கேபாசிட்டர் டியூட்டி கான்டாக்டர்களின் தலையில் சுருள் சுருளாக மெல்லிய ரெசிஸ்டன்ஸ் ஒயர்கள் இருக்கும். மெயின் கான்டாக்ட் மூடுவதற்கு ஒரு கணம் முன்பு அந்த ஒயர் வழியாகக் கேபாசிட்டர் மெதுவாகச் சார்ஜ் ஆக வேண்டும் என்பதற்காகவே அவை. அந்தச் சுருள் எரிந்து அறுந்து போயிருந்தால், அல்லது யாரோ சாதாரண பவர் கான்டாக்டரை அந்த இடத்தில் மாட்டியிருந்தால், ஒவ்வொரு ஸ்டெப்பும் தடையே இல்லாமல் மோதி உள்ளே வரும். கேபாசிட்டரின் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் போயிருந்தாலும் கெடுதல்தான். பழைய சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே மறுபடி லைனில் சேர்ந்தால் துள்ளல் இன்னும் பெரிதாகும். இந்தப் பேனலையும் இன்கமரை (சப்ளை உள்ளே வரும் மெயின் சுவிட்சை) ஆஃப் செய்து, போதிய நேரம் விட்டு, கேபாசிட்டர் டெர்மினலில் வோல்டேஜ் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே தொடுங்கள். அறுந்த டிஸ்சார்ஜ் ரெசிஸ்டரைத் தேடும் வேலையில் இது இரண்டு மடங்கு அவசியம்.

இதற்கும் எளிய சோதனை இருக்கிறது. ஏ.பி.எஃப்.சி. பேனலை மேனுவலில் போட்டு, லோடுக்குத் தகுந்த ஸ்டெப்களை உள்ளே நிறுத்தி, ஓரிரு நாள் தானாக மாறாமல் வையுங்கள். லோடு இறங்கும்போது கேபாசிட்டர் அதிகமாகி பவர் ஃபேக்டர் லீடிங் போகாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். டிரிப் நின்றுவிட்டால் ஆள் அகப்பட்டார். நிவாரணம், டிரைவின் இன்புட்டில் 3 சதவீத லைன் சோக், அதாவது திடீர் துள்ளலைத் தடுக்கும் காயில். டிரைவுக்குள் டிசி சோக் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது பிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பதால், லைனிலிருந்து வரும் அடியை முதலில் டயோடு வாங்கும். வெளியே போடும் ஏசி சோக்தான் இரண்டையும் காக்கும். உங்கள் மில்லில் டிரைவ்கள் அதிகம் என்றால் கேபாசிட்டர் பேனலில் 7 சதவீத டீட்யூன்டு ரியாக்டர் (கேபாசிட்டரோடு தொடரில் போடும் காயில்) இருக்கிறதா என்றும் பாருங்கள். டயோடு பிரிட்ஜ் டிரைவ்கள் 250 ஹெர்ட்ஸில் ஐந்தாவது ஹார்மோனிக்கை (50 ஹெர்ட்ஸின் ஐந்து மடங்கு அலையை) பெரிதாக உண்டாக்கும். வெறும் கேபாசிட்டர் அதோடு ஒத்ததிர்வில் விழ வாய்ப்புண்டு. 7 சதவீத ரியாக்டர் அந்த இணைப்பை 189 ஹெர்ட்ஸுக்கு இறக்கி அந்த வம்பிலிருந்து விலக்குகிறது. கேபாசிட்டர்கள் உப்பி வெடிப்பது உங்கள் மில்லில் வழக்கமாக இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

மூன்றாவது சந்தேகம் டி.ஜி. செட், அதாவது டீசல் ஜெனரேட்டர். டிரிப் எல்லாமே பவர் கட் ஆகி ஜெனரேட்டரில் ஓடும்போது அல்லது சேஞ்ச் ஓவர் நேரத்தில் மட்டும் வருகிறது என்றால் ஜெனரேட்டரின் வோல்டேஜை நிலையாக வைக்கும் ஏ.வி.ஆரைப் பார்க்க வேண்டும். பெரிய லோடு சட்டென்று விழுந்தால் வோல்டேஜ் ஒரு கணம் எகிறும். மின்வாரிய லைனில் ஓடும்போதும் டிரிப் வருகிறது என்றால் இவர் மட்டும் காரணம் இல்லை.

இந்தத் துள்ளல்களைச் சாதாரண மல்டிமீட்டரில் பிடிக்க முடியாது, மீட்டரின் மின்–மேக்ஸ் வசதியும் அவ்வளவு வேகமானதல்ல. டிரான்சியன்ட் பதியும் பவர் அனலைசர் வாடகைக்குக் கிடைத்தால் ஒரு வாரம் மாட்டி வைப்பது நல்லது. அதில் பதிந்த நேரத்தையும் டிரைவின் ஃபால்ட் நேரத்தையும் ஒப்பிட்டுவிட்டால் பிறகு வாதத்துக்கு இடமில்லை. கிடைக்காவிட்டாலும் மேலே சொன்ன சோதனைகள் பெரும்பாலும் போதும். ஒன்று மட்டும் கறாராக இருங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிசெலரேஷன் டைமையும் சிக்னலையும் கேபாசிட்டர் பேனலையும் ஒரே நாளில் தொட்டால், டிரிப் நின்றாலும் எதனால் நின்றது என்று கடைசிவரை தெரியாது.

எர்த் ஃபால்ட் தனி நோய், ஓவர் வோல்டேஜோடு அதைச் சேர்த்துக் குழப்ப வேண்டாம். ஷட்டவுனுக்குப் பிறகு காலையில் வந்து, மத்தியானம் போய்விட்டது என்றீர்கள். ஈரம் என்றே நினைக்கிறேன். தண்ணீர் தெளித்துக் காற்றை ஈரமாக்கும் ஏர் வாஷர் பக்கத்தில் இருக்கும் மோட்டாரில் இது புதிதல்ல. ஃபேன் வாஷருக்குப் பின்னால் இருக்கும் அமைப்பென்றால், தண்ணீர்த் துளிகளைத் தடுக்கும் எலிமினேட்டர் தகடுகள் உடைந்தோ வளைந்தோ இருக்கும்போது தண்ணீர்த் துளி காற்றோடு வந்து மோட்டாரில் படியும். ஓடும்போது வைண்டிங் சூட்டில் காய்ந்துகொண்டே இருக்கும். நிறுத்திய பிறகு குளிர்ந்து உள்ளே நீர் கோக்கும். டிரைவ் மூன்று ஃபேஸ் கரன்ட்டையும் கூட்டிப் பார்க்கும். கூட்டல் பூஜ்யமாக வராவிட்டால் எங்கோ எர்த்துக்குப் போகிறது என்று நிற்கும். பழைய ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டியிருக்கும். டிரைவ் அதைக் காட்டிக் கொடுத்ததற்காக அதன் மேல் பழி போடக் கூடாது.

இதை உறுதி செய்ய, இன்சுலேஷனை அளக்கும் மெகர் போட வேண்டும், ஆனால் எப்படி என்பது முக்கியம். மெகரின் 500 வோல்ட் டிசி டிரைவின் அவுட்புட்டுக்குள் போனால் நல்ல டிரைவும் கெட்டுப்போகும். முதலில் இன்கமரை ஆஃப் செய்து பூட்டுப் போட்டு, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருங்கள். பல மாடல்களுக்கு 5 நிமிடம், பெரியவற்றுக்கு 10, 15 கூட இருக்கும். திரை அணைந்துவிட்டது என்பதை நம்பாதீர்கள். ஆயிரம் வோல்ட், கேட் 3 தரம் உள்ள மீட்டரில் டிசி பஸ் டெர்மினலை அளந்து 50 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை வையுங்கள். இந்த வேலை லைசன்ஸ் உள்ளவர் செய்ய வேண்டியது; தனியாக நின்று செய்யாதீர்கள். மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யு கேபிளை டிரைவ் முனையில் கழற்றித் தள்ளி வைத்து, கேபிளும் மோட்டாரும் சேர்ந்தபடி எர்த்துக்கு ஒரு நிமிடம் மெகர் செய்யுங்கள். குறைவாக வந்தால் மோட்டார் டெர்மினல் பாக்ஸிலும் கழற்றி, கேபிள் தனியாக, மோட்டார் தனியாகப் பாருங்கள். கிலோ வோல்ட்டோடு ஒன்றைக் கூட்டி அத்தனை மெகா ஓம் போதும் என்ற பழைய கணக்கு பலருக்கு மனப்பாடம். ஆனால் இந்த வகை மோட்டாருக்கு 40 டிகிரி கணக்கில் 5 மெகா ஓம் குறைந்தபட்சம் என்று ஐ.ட்ரிபிள்.ஈ. 43 என்ற தரநிலை சொல்கிறது, காய்ந்த நல்ல மோட்டார் நூற்றுக்கணக்கில் காட்டும். சூடு 10 டிகிரி ஏறினால் ரீடிங் பாதியாகும், ஆகவே ஓடி நின்ற சூட்டில் எடுத்ததையும் குளிர்ந்த காலையில் எடுத்ததையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஷட்டவுன் முடிந்து ஸ்டார்ட் செய்வதற்கு முன் எடுங்கள். நோய் இருக்கும்போது பார்த்தால்தான் தெரியும்.

ரீடிங் குறைவாக இருந்தால் உடனே ரீவைண்டிங்குக்கு அனுப்ப வேண்டியதில்லை. டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள். பாதி நேரம் கேஸ்கெட் பிய்ந்திருக்கும், கேபிள் மேலிருந்து நேராகக் கிளாண்டுக்குள் இறங்கித் தண்ணீரை வழிகாட்டிக்கொண்டு வந்திருக்கும், அல்லது மோட்டாரின் அடியில் இருக்கும் டிரெயின் ஓட்டை பெயின்டில் அடைபட்டிருக்கும். கேபிள் கீழே தொங்கி மேலேறி நுழையும்படி மாற்றி, கேஸ்கெட் போட்டு, மோட்டாரில் ஸ்பேஸ் ஹீட்டர் இருந்தால் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் ஷிஃப்ட் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: எர்த் ஃபால்ட் வந்தால் திரும்பத் திரும்ப ரீசெட் செய்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முயற்சியும் ஐஜிபிடிகளுக்கு ஒரு அடி. இரண்டு மூன்று தடவை தாங்கும், அடுத்த தடவை வெடிக்கும்; அப்போது உண்மையாகவே டிரைவ் வாங்க வேண்டி வரும்.

மெகர் நன்றாக இருந்தாலும் மோட்டார் முழுதாக நன்றாக இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது. மெகர் எர்த்துக்கு உள்ள இன்சுலேஷனைத்தான் பார்க்கும், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் உள்ளதைப் பார்க்காது. டிரைவின் அவுட்புட் பல்ஸ் 0.1 மைக்ரோ செகண்ட் அளவில் எழுவதால், நீளமான கேபிளின் கடைசியில் அது மோதித் திரும்பி மோட்டார் முனையில் டிசி பஸ்ஸைப் போல் இரண்டு மடங்கு வரை, அதாவது 1,100 வோல்ட்டுக்கு மேல் உச்சம் காட்டும். டிரைவில் ஓடுவதற்கென்றே செய்த இன்வெர்ட்டர் டியூட்டி மோட்டாருக்கு நேமா எம்.ஜி.1 பகுதி 31 என்ற தரநிலை சொல்லும் தாங்கு சக்தி, மோட்டாரின் ரேட்டட் வோல்டேஜைப் போல் 3.1 மடங்கு, அதாவது 415 வோல்ட்டுக்குச் சுமார் 1,290 வோல்ட். பலமுறை ரீவைண்டிங் ஆன பழைய சாதா மோட்டார் என்றால் அந்த உத்தரவாதம் கிடையாது. உங்கள் மோட்டார் எந்த வகை, கேபிள் எத்தனை மீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. மோட்டாரை மாற்றுவதற்கு நியாயமான காரணம் என்றாவது வந்தால் இந்தப் பக்கத்திலிருந்து வரலாம். அன்றைக்கு ஓவர் கரன்ட் டிரிப்பும் மூன்று ஃபேஸிலும் சமமில்லாத கரன்ட்டும் வரும். டங் டெஸ்டரில் (கேபிளைச் சுற்றிப் பிடித்து கரன்ட் அளக்கும் மீட்டரில்) மூன்று ஃபேஸ் அவுட்புட் கரன்ட்டையும் அளந்து குறித்து வையுங்கள். டிரைவ் அவுட்புட் வோல்டேஜைச் சாதா மீட்டரில் அளந்து வரும் எண்ணை நம்ப வேண்டாம். வெட்டி வெட்டி வரும் அலையில் அது தாறுமாறாகக் காட்டும், லோ பாஸ் ஃபில்ட்டர் உள்ள மீட்டர் வேண்டும்.

ஸ்பேர் டிரைவ் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டோர்ஸில் ஒரு வருடத்துக்கு மேல் பவர் ஏறாமல் கிடந்த டிரைவை நேராக 415 வோல்ட்டில் ஏற்றுவது ஆபத்து. உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கேபாசிட்டர்களின் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். மேனுவலில் சொன்ன முறைப்படி வோல்டேஜை மெதுவாக ஏற்றி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். உங்களுடையது தப்பித்துவிட்டது, நல்லது. இப்போது ஸ்டோர்ஸுக்குத் திரும்பப் போகும் பழைய டிரைவில் கடைசியாகப் பவர் இருந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். அதன் ஹீட் சிங்கையும் கூலிங் ஃபேனையும் பஞ்சு இல்லாமல் சுத்தம் செய்து வையுங்கள். மில்லில் டிரைவைக் கொல்வதில் பஞ்சுக்குத்தான் முதலிடம். சூடு 10 டிகிரி கூடினால் அந்தக் கேபாசிட்டர்களின் ஆயுள் பாதியாகிவிடும்.

ஆக, இன்றைக்கே டிசெலரேஷன் டைமை 60 செகண்டாக்குங்கள். நிறுத்தும்போது வரும் டிரிப் அதோடு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மேலும் கூட்டுங்கள் அல்லது கோஸ்ட் வையுங்கள். ஓடும்போது வருவதற்கு, அடுத்த சில டிரிப்களில் மணி, பஸ் வோல்டேஜ், ஹெர்ட்ஸ், செட் ஸ்பீடு, அப்போது மின்வாரிய லைனா ஜெனரேட்டரா என்பதை ரீசெட்டுக்கு முன் எழுதச் சொல்லுங்கள். ஹெர்ட்ஸ் செட் ஸ்பீடுக்குச் சமமாக இருந்து, மணி ஏ.பி.எஃப்.சி. ஸ்டெப் மாறும் நேரத்தோடு பொருந்தினால் கான்டாக்டர்களைச் சரி செய்துவிட்டு லைன் சோக்குக்கு ஆர்டர் போடுங்கள். ஹெர்ட்ஸ் வழக்கத்தைவிட இறங்கியிருந்தால் 4–20 ஒயரைத் தேடுங்கள். இரண்டும் இல்லாமல், பஸ் வோல்டேஜ் டிரைவ் திரையில் ஒன்று காட்டி மீட்டரில் வேறு காட்டினால் டிரைவுக்குள் வோல்டேஜை அளக்கும் சென்சிங் கார்டு மேல் சந்தேகப்படலாம். இரண்டு டிரைவிலும் ஒரே கோளாறு என்பதால் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அப்படி வந்தால் மட்டும் மேனேஜரோடு உட்கார்ந்து கம்பெனி பெயர்களைப் பேசுங்கள்.